அத்தானுக்காகக் கட்டிய கக்கூஸ்

உ

செங்கால்குறிச்சி,
1996, கார்த்திகை.

மகா கனம் பொருந்திய அத்தான் கணேஷ்ராம் அவர்களின் சமூகத்துக்குக் கொழுந்தியாள் உலகம்மை வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, அம்மா, அக்கா, பிள்ளை, கன்றுக்குட்டி எல்லோரும் சௌக்கியம். இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் எழுதிவிட்டேன். உண்மையில் கன்றுக்குட்டி மட்டும்தான் சௌக்கியம். அது வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிறது.

அக்காவைக் கட்டின நாளில் இருந்து நான் உங்களோடு பேசியது "காப்பி" என்ற ஒரே வார்த்தைதான். அதையும் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னதால் நீங்கள் பூனை என்று நினைத்து "சூ" என்றீர்கள். அப்படிப்பட்டவள் எழுதுகிறாளே என்று கோபப்படாதீர்கள். பிள்ளை பெற்றவள் எழுதினாலும் வாசித்தாலும் கண் கெட்டுவிடும் என்று அம்மா அக்காவிடம் இருந்த பேனாவைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருக்கிறாள். அப்பா எழுத மாட்டார், எழுதினாலும் உண்மையை எழுத மாட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் வீட்டில் மிச்சம் இருப்பது நான்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பிள்ளைக்குச் சளி, அம்பையில் டாக்டரிடம் காட்டினோம், குணமாகிவிட்டது என்று அப்பா உங்களுக்குக் கார்டு போட்டார் அல்லவா? அது சளி இல்லை அத்தான். பிள்ளை நீலமாகப் போய்விட்டான். நீலமானது கிணற்றுத் தண்ணீரால். கிணறு கெட்டது கக்கூஸால். கக்கூஸ் கட்டியது உங்களால். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடுகிறது.

தலைதீபாவளிக்கு வந்தபோது மழையில் குடையும் டார்ச்சுமாக வாய்க்கால் கரைக்குப் போய், வழுக்கி விழுந்து, கோடி வேட்டி முழுக்கச் சகதியோடு திரும்பி வந்தீர்களே, அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பித்தது. நீங்கள் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. "பரவால்ல மாமா, மில் குவார்ட்டர்ஸ்ல கக்கூஸ் இருந்து பழகிட்டு, அதான்" என்று மட்டும் சொன்னீர்கள். அந்த "அதான்" அப்பா தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. நாங்கள் சைவம் என்பதால் அவருக்கு முள்ளை எடுக்கவும் தெரியவில்லை. "அதான்னா என்னட்டி அர்த்தம்? என்ன சொல்ல வாராரு மாப்பிள்ளை?" என்று பொங்கல் வரைக்கும் அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பொங்கல் கழிந்ததும் சாலமோன் கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, குழியை எங்கன எடுக்க?" என்று கேட்டார் கொத்தனார்.

"கிணத்துப் பக்கத்துலயே எடும்வே. மாப்பிள்ளை வாளியத் தூக்கிட்டு ஊர்கோலம் போணுமாக்கும்? கையை நீட்டுனா தண்ணி வரணும்."

"அடியப் பூசிரவா?"

"பூசுனா என்ன, பூசாட்டா என்ன?"

"பூசுனா நெறையும் அண்ணாச்சி. பூசாட்டா மண்ணு குடிச்சிரும். உங்க பேரன் காலத்துக்கும் நெறையாது."

பேரன் காலத்துக்கும் என்று சொன்னதும் அப்பாவுக்கு மனசு குளிர்ந்து கொத்தனாருக்கு இன்னொரு காப்பி கொடுக்கச் சொன்னார். கொத்தனார் சொன்னபடியே குழி நிறையவில்லை. அப்பா மாதாமாதம் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். வருகிறவர்களையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். "பாரும்வே! ரெண்டு வருசமாவப் போவுது. எங்க போவுதுன்னே தெரியல!" என்பார். எல்லோரும் எட்டிப் பார்த்து ஆச்சரியப்பட்டார்களே தவிர, எங்கே போகிறது என்று ஒருத்தரும் தேடவில்லை. தேடியிருக்கவே வேண்டாம், பக்கத்துக் கிணற்றில் வாளி விட்டு நாங்கள் இறைத்துக் குடித்துக்கொண்டுதான் இருந்தோம். பெருமையைப் பார்த்துத் தெருவில் எல்லோரும் கட்டிவிட்டார்கள். எல்லார் வீட்டிலும் கிணறும் குழியும் மணவறையில் உட்கார்ந்த மாதிரி ஜோடியாக இருக்கின்றன.

கிணற்றுக்கு மறுபக்கம் நம் வாழை. அதுவும் சும்மா இல்லை. அப்பா யூரியாவை விபூதி மாதிரி அள்ளி அள்ளிப் பூசுகிறார். உரக்கடை மதார் அண்ணாச்சியே ஒருநாள், "போதும் அண்ணாச்சி, வாழைக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கு. மிச்சம் எல்லாம் மண்ணுக்குள்ளதான் எறங்கும்" என்று சொல்லிப் பார்த்தார். "நீரு உரம் விக்கீரா, இல்ல விரதம் இருக்கச் சொல்லிக் குடுக்கீரா?" என்று அப்பா மூட்டையைத் தூக்கி வண்டியில் போடச் சொன்னார். வாழை குடித்தது போக மிச்சம் மழையோடு மண்ணுக்குள் இறங்கியது. இந்தப் பக்கத்தில் இருந்து அது, அந்தப் பக்கத்தில் இருந்து அது. நடுவில் கிணறு. பாவம், அது எங்கே போகும்?

ஆனால் அத்தான், தண்ணீர் அவ்வளவு ருசி. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தானாக முளைத்த அவரை ஒரு பிடி உரம் இல்லாமல் ஓட்டின் மேலே ஏறிவிட்டது. "நம்ம கெணத்துத் தண்ணியே உரம்லா!" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அவர் வாழ்க்கையிலேயே சொன்ன ஒரே சரியான வார்த்தை அதுதான், அவருக்கே தெரியாது. வள்ளியூரில் இருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் சொம்பு சொம்பாக வாங்கிக் குடித்துவிட்டு, "பொண்ணைப் பத்தி ஊருக்குப் போயி எழுதுதோம், தண்ணி பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னும் எழுதவில்லை.

இப்போது பிள்ளை விஷயம். ஐப்பசி மழை தொடங்கின சமயம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. டப்பாப் பால் கலக்கிக் கொடுத்தோம், கிணற்றுத் தண்ணீரில்தான். கொஞ்ச நாளில் பிள்ளையின் உதடு ஒரு மாதிரி நாவல்பழம் தின்ற உதடு மாதிரி ஆனது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கண்ணன் நிறம்ட்டி! கார்மேகம் மாதிரி இருக்கான் பாரு!" என்று தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள். வந்தவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் பிள்ளையின் நகத்தைப் பார்த்தேன். மைக்கூட்டில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. "அம்மா, நகம்" என்றேன். கேட்கவில்லை. "அம்மா, நகம் நீலமா இருக்கு" என்றேன். "ஆமாட்டி, அஞ்சனவண்ணன்லா" என்றாள். பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினான். அப்போது நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் இருந்து பாம்பு அடிக்கிற கம்போடு ஓடி வந்தார்கள்.

அம்பையில் குழந்தைகளுக்கு மட்டும் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தர் இருக்கிறார். அவர் பிள்ளையிடம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். ரத்தம் சிவப்பாக இல்லை அத்தான், காப்பி வண்டல் நிறத்தில் இருந்தது. உடனே ஒரு மருந்தை ஊசியில் ஏற்றினார். அந்த மருந்து என்ன நிறம் என்று நினைக்கிறீர்கள்? நீலம்! "நீலத்துக்கு நீலமா? வேட்டிக்கா போடுதீங்க?" என்று அம்மா அழுதாள். ஆனால் கண்ணெதிரே பிள்ளை வெளுத்து, பிறகு சிவந்து, பிறகு வீரிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பிறகு பிள்ளை மூத்திரம் பெய்தான், அது பச்சையும் நீலமுமாக மயில் கழுத்து நிறத்தில் வந்தது. அம்மா துணியை அலசக் குழாயடிக்கு ஓடினாள். அவள் போயிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் டாக்டரம்மா எல்லாவற்றையும் சொன்னார். எங்கள் நேரத்தைப் பாருங்கள்.

"எந்தத் தண்ணி குடுக்கீங்க?"

"எங்க கெணத்துத் தண்ணி. தேனு மாதிரி இருக்கும்" என்றார் அப்பா.

"பக்கத்துல கக்கூஸ் இருக்கா? வயல் இருக்கா?"

"ரெண்டும் இருக்கு. எல்லா வசதியும் உண்டு."

"அதுல இருந்துதான் நைட்ரேட் இறங்கியிருக்கு. பெரியவங்க குடிச்சா ஒண்ணும் தெரியாது. பச்சைப் பிள்ளைக்கு ரத்தத்துல காத்து ஏற விடாது. உயிருக்கே ஆபத்து. அந்தத் தண்ணியக் காய்ச்சியும் குடுக்கக் கூடாது. காய்ச்சுனா அது போகாது, தண்ணிதான் வத்தும், அது கூடும். பிள்ளைக்கு வேற தண்ணி குடுங்க."

"நைட்ரேட்டுன்னா?"

"ஒரு உப்பு. வெடியுப்புக் கேள்விப்பட்டிருப்பீங்களே, அந்தக் குடும்பம்."

அந்த அம்மா விளங்க வேண்டும் என்றுதான் சொன்னார். ஆனால் அப்பா காதில் அந்த ஒரு வார்த்தை தவிர வேறு எதுவும் ஏறவில்லை. அதிலும் முன்பாதிதான் ஏறியது. சிவகாசியில் வெடிக்குப் போடுகிற உப்பு நம் கிணற்றில் இறங்கியிருக்கிறது என்றால் கிணறு எந்த நிமிஷமும் வெடிக்கும் அல்லவா? பஸ்ஸில் வரும்போதே அம்மாவிடம் இரகசியமாக, "கெணத்துல வெடியுப்பு இருக்காம்" என்றார். அம்மா காதில் பின்பாதி ஏறியது. வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி இறைத்து, கையில் ஊற்றிக் குடித்துப் பார்த்து, "உப்பா? கல்கண்டு மாதிரி இருக்கு! அந்த டாக்டரம்மாவுக்கு நாக்கு செத்துப்போச்சு போல" என்றாள். அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாம் டம்ளரோடு வந்தார்கள். ஆளாளுக்குக் குடித்துப் பார்த்து, உப்பு இல்லை என்று அம்மாவுக்குச் சாட்சி சொன்னார்கள்.

ஒரே வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. அப்பா கிணற்றடியில் விளக்கு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கார்த்திகைக்குத் தெரு முழுக்க அகல் எரிந்தது, எங்கள் கிணற்றுமேடு மட்டும் சாவு விழுந்த துட்டி வீடு மாதிரி இருண்டு கிடந்தது. அன்றைக்குப் பார்த்துச் சாலமோன் கொத்தனார் வாயில் பீடியோடு, குழி எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்தார்.

"ஏலே! பீடிய அணைலே! அணைச்சிட்டு உள்ள வாலே!" என்று அப்பா கத்தின கத்தில் கொத்தனார் பீடியை விழுங்கப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, காஸ் சிலிண்டர் வாங்கிருக்கியளா?"

"கெணறு வெடிக்கப் போவுதுவே!"

கொத்தனார் பைய எட்டிக் கிணற்றைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு, "நெல்லிக்கட்டை போடுங்க, தெளிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அப்பா நெல்லிக்கட்டை வெட்டிப் போட்டார். தண்ணீர் இன்னும் இனித்தது.

எனக்குச் சிரிப்பு வருகிறது என்று நினைக்காதீர்கள் அத்தான். ஏனென்றால் அம்மா இப்போது பிள்ளைக்குத் தண்ணீரைக் கஷாயம் மாதிரி காய்ச்சுகிறாள். பிள்ளை பெற்ற வீட்டில் தண்ணீரைப் பாதியாக வற்றவைத்துத்தானே கொடுப்பார்கள்? டாக்டர் தண்ணியைக் குறை சொல்லிவிட்டார் என்று தெரிந்ததும் அம்மா இன்னும் கவனமாகி, ஒரு சட்டி வைத்துக் கால் சட்டியாக வற்றவைக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து விசிறி விசிறி, கண்ணெரிய எரிய, அவ்வளவு அன்பாக வற்றவைக்கிறாள். நான் பக்கத்தில் போய், "அம்மா, தூத்துக்குடி உப்பளத்துல தண்ணி போயி உப்புதானே நிக்கி. அந்த மாதிரி இதுவும் நிக்கும்லா" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ எத்தனை பிள்ளை பெத்தே?"



மெயின் ரோட்டு முக்கில் கூட்டுக்குடிநீர்க் குழாய் இருக்கிறது, ஆற்றுத் தண்ணீர். தினமும் ஒரு குடம் எடுத்து வந்து யாருக்கும் தெரியாமல் பிள்ளைக்கு வைக்கிற பானையில் மாற்றி ஊற்றினேன். கொஞ்ச நாள் நடந்தது. ஒருநாள் அம்மா மோந்து பார்த்துவிட்டாள். "மருந்து வாடை அடிக்கு! பச்சப் பிள்ளைக்குப் பிளீச்சிங் பவுடரக் குடுத்துக் கொல்லப் பாக்கியாட்டி?" என்று அவ்வளவையும் அவரைச் செடிக்கு ஊற்றிவிட்டாள். நல்ல தண்ணீருக்கு வாடை இருக்கிறது. கெட்ட தண்ணீருக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை, ருசி வேறு. அம்மாவை நான் எப்படிக் குறை சொல்வேன்? அன்றையில் இருந்து பானைக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறாள்.

அக்காவையும் பிள்ளையையும் உங்கள் குவார்ட்டர்ஸுக்கு அனுப்பிவிடலாம் என்று அப்பாவிடம் கேட்டேன். கேட்டேன் என்றால் கதவைப் பார்த்துக் கேட்டேன். "அஞ்சாம் மாசம் முறையா அனுப்பணும். இப்பமே அனுப்புனா, இந்தச் சிவசைலம் பெத்த மவளுக்குச் சோறு போட வக்கில்லாம வெரட்டிட்டான்னு ஊரு பேசும். கெணறு கெட்டுப்போச்சுன்னு சொன்னா ஒன்னைய எவன் வந்து கட்டுவான்?" என்றார். இப்போதும் யாரும் வந்து கட்டவில்லை என்று சொல்ல நினைத்தேன்.

ஆகையால் அத்தான், நீங்கள் வர வேண்டும். நான் எழுதினேன் என்று சொல்லக் கூடாது. அத்தைக்குப் பேரனைப் பார்க்காமல் தூக்கமே வரவில்லை, உடனே அனுப்புங்கள் என்று கேளுங்கள். மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டால் அப்பா மறுக்க மாட்டார். வந்ததும் தண்ணீர் கொண்டுவருவார்கள், வாங்காதீர்கள், விரதம் என்று சொல்லுங்கள். காப்பியும் அதே தண்ணீர்தான், அதுவும் விரதத்தில் சேர்த்தி என்று சொல்லுங்கள். அப்புறம், எழுதக் கூச்சமாக இருக்கிறது, அந்தக் கக்கூஸ். அது உங்களுக்காகவே கட்டியது. நீங்கள் போகாவிட்டால் அப்பா மனசு உடைந்துவிடும். போனால் கிணற்றுக்குத்தான் போகும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாளியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிடுங்கள்.

அத்தைக்கும் மாமாவுக்கும் என் நமஸ்காரம். தாமிரவருணித் தண்ணீர் குழாயில் வருகிற வீட்டில் இருக்கிறீர்கள், நீங்கள் எல்லோரும் நூறு வயது இருப்பீர்கள். பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கப் பாபநாசத்தில் எனக்குப் பேர் கொடுத்த தாயாரை வேண்டிக்கொள்கிறேன். எழுத்துப் பிழைகளை எட்டாம் வகுப்பின் கணக்கில் எழுதிக்கொள்ளவும். கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடவும்.

இப்படிக்கு,
தங்கள் கொழுந்தியாள்,
உலகம்மை.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் வாசிக்க வேண்டாம். இந்தத் தாளை மேலாக வைத்து மடித்திருக்கிறேன், இதை மட்டும் வாசியுங்கள். நீங்கள் செங்கால்குறிச்சிக்கு வர வேண்டாம், விரதமும் வேண்டாம். இன்று காலையில் பிள்ளைக்கு மறுபடியும் நகம் நீலமாகிவிட்டது. கவரை ஒட்டிக்கொண்டிருந்தேன், அக்கா பார்த்துவிட்டாள். "இது என்னைக்குட்டி போயிச் சேரும்?" என்றாள். "நாளைக்கழிச்சு" என்றேன். "அதுவரைக்கும் இவன் தாங்குவானா?" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடுத்த சேலையோடு தெருவில் இறங்கிவிட்டாள். நானும் ஓடினேன். வாசலில் அப்பா எதிரே வந்து, "எங்கட்டி போறீய? ராகு காலம்!" என்றார். நான் பிள்ளையின் கையைப் பிரித்து அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். அப்பா மெயின் ரோட்டுக்கு எங்களுக்கு முன்னால் ஓடி, நடுரோட்டில் கையை விரித்து நின்று பஸ்ஸை மறித்துவிட்டார். அம்மா வற்றவைத்த தண்ணீரைப் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு ஏறினாள். கல்லிடைக்குறிச்சிக்கு இந்தப் பக்கம் நான் அதை ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டேன். அவள் என்னை அடிக்கவில்லை.

அம்பையில் டாக்டரம்மா அந்த நீல மருந்தை ஏற்றிவிட்டார். பிள்ளை இன்னும் அழவில்லை. "இவங்க யாரும் நான் சொல்லதக் கேக்க மாட்டாங்க, பிள்ளையோட அப்பா எங்க? அவரைக் கூட்டிட்டு வா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதனால் தனியாகப் பஸ் ஏறி வந்து, உங்கள் மில் வாசலில் நின்று, சுவரில் தாளை வைத்து இதை எழுதுகிறேன். ஷிப்டு விடப் போகிறதாம். அத்தான், ஒரு கஷ்டம். நான் உங்கள் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை. கல்யாணப் போட்டோவில் மாலைக்கு மேலே மூக்கு மட்டும் தெரிகிறது. உங்கள் காலைப் பார்த்தால் சொல்லிவிடுவேன், ஆனால் எல்லோரும் சைக்கிளில் வருவார்களாம். ஆகவே வாசலுக்கு நடுவே நின்று உங்கள் பேரைச் சொல்லிக் கத்தப் போகிறேன். யார் திரும்பிப் பார்க்கிறார்களோ அவர் கையில் இதைக் கொடுத்துவிடுவேன்.

வாசிச்சது போதும் அத்தான். சைக்கிளத் திருப்புங்க. நான் பின்னால ஏறிக்கிடுதேன். மிச்சத்தப் போற வழியில நானே சொல்லுதேன்.